கையெழுத்து யார் போடுவது?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் கிழக்குப் பக்கம் இறங்கி சிட்லபாக்கம் நோக்கி நடப்பவர்களுக்கு அந்தத் தெருக்கள் பழக்கமானவை. சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, இரவு ஏழு மணி இருக்கும். எட்டுப் பெண் பிள்ளைகள் அங்கே விளக்குக் கம்பம் ஒவ்வொன்றின் அடியிலும் நின்று நின்று போவதைப் பார்த்தேன். எல்லாரும் எட்டாவதிலிருந்து பத்தாவதுக்குள் படிப்பவர்கள். ஒருத்தி கையில் நாற்பது பக்க நோட்டு. இன்னொருத்தி டார்ச் அடித்துக் கம்பத்து நம்பரைப் படிக்கிறாள். மூன்றாமவள், "இது எரியுது, ஆனா விட்டு விட்டு எரியுது. இதை எங்க போடறது?" என்று கேட்கிறாள். நோட்டு வைத்திருந்தவள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் புதிதாக ஒரு கட்டம் போட்டு, மேலே 'பாதி' என்று எழுதினாள்.

விசாரித்தேன். வாரம் ஒருமுறை ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடுகிற சின்னக் குழு அது. கல்லூரியில் படிக்கிற ஒரு அக்கா கூட்டி வைக்கிறார். டியூஷன் முடிந்து வரும் வழியெல்லாம் இருட்டு என்று ஒருநாள் பேச்சு வந்திருக்கிறது. 'இருட்டா இருக்குன்னு பொதுவா சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க, எந்தக் கம்பம்னு சொல்லணும்' என்று அந்த அக்கா சொன்னதோடு சரி. மீதி எல்லாம் பிள்ளைகளின் ஏற்பாடு. விளக்கைப் பராமரிப்பது மாநகராட்சி, மின்சாரம் கொடுப்பது மின்வாரியம் என்பதை இரண்டு இடத்துக்கும் அலைந்துதான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். 31 கம்பங்களில் 9 எரியவில்லை. மனுவும் எழுதியாயிற்று. கடைசியில் வந்து நின்ற கேள்வி: கையெழுத்து யார் போடுவது? தெருவில் ஒரு பெரியவர், "நாங்க யாராவது போடறோம்மா, அப்பதான் மதிப்பு இருக்கும்" என்று அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். நோட்டுக்காரப் பெண் என்னிடம் சொன்னாள்: "நடந்தது நாங்க, எண்ணினது நாங்க. அவர் கையெழுத்துப் போட்டுட்டு, ஆபீஸ்ல ஏதாவது கேட்டா அவருக்குத் தெரியாதே அங்கிள்."

பதில் சொல்லத் தெரிந்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பெண் பிள்ளைகள் பொறுப்பேற்பது பற்றிய பேச்சுக்குத் தாம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மொத்தம் 70 வார்டுகள். 2022 மார்ச் 4 அன்று அதன் முதல் மேயராகப் பொறுப்பேற்ற க.வசந்தகுமாரிக்கு அப்போது வயது 25, பொறியியல் பட்டதாரி, பட்டியல் இனத்துப் பெண். பட்டியல் இனப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட சென்னை மேயர் பதவியை அதே நாளில் ஏற்ற ஆர்.பிரியாவுக்கு 28. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்ற சட்டம் இல்லாமல் இது நடந்திருக்காது.

இப்படிப் பெண்கள் நாற்காலியில் அமர்வதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்? மேற்கு வங்கத்தில் சுமார் 500 கிராமங்களில் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்து, முடிவை 2012-ல் வெளியிட்டார்கள். இரண்டு முறை தொடர்ந்து பெண்களுக்கு ஊராட்சித் தலைமை ஒதுக்கப்பட்ட ஊர்களில், மகனைப் பற்றிய கனவுக்கும் மகளைப் பற்றிய கனவுக்கும் பெற்றோரிடம் இருந்த இடைவெளி கால்வாசி குறைந்திருந்தது. பிள்ளைகளின் மனதில் அந்த இடைவெளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. படிப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த வேறுபாடே மறைந்திருந்தது. வீட்டு வேலைக்குப் பெண் பிள்ளைகள் செலவிடும் நேரமும் குறைந்திருந்தது. பார்ப்பதற்கு அவ்வளவு வலிமை உண்டு.

ஆனால் பார்ப்பது மட்டும் போதாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் வென்ற 234 பேரில் பெண்கள் 12 பேர். ஒதுக்கீடு இல்லாத இடத்தில் நிலைமை இதுதான். ஒதுக்கீடு இருக்கும் இடத்திலோ, பெண் உறுப்பினரின் போனைக் கணவர் எடுத்துப் பேசுவதும், கூட்டத்தில் அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதும் நம் ஊர்களில் யாரும் பார்க்காத காட்சிகள் இல்லை. அந்தப் பெண்களைக் குறை சொல்லி என்ன பயன்? நாற்பது வயதில் முதல்முறையாக ஒருவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு, குரல் நடுங்குகிறதே என்று கேட்பது நியாயமா? பன்னிரண்டு வயதில் எட்டுப் பேருக்கு நடுவில் பேசிப் பழகியிருந்தால் அந்தக் குரல் நடுங்கியிருக்காது.

அந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். நம் பள்ளிகளில் தலைமையின் முதல் பாடம், டீச்சர் வெளியே போனதும் கரும்பலகையில் 'பேசுபவர்கள்' என்று எழுதி அதன்கீழ் பெயர்களை வரிசையாக எழுதுவது. கிளாஸ் லீடர் என்றால் அதுதான் வேலை. எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவி) ஆகிவிட்டால் அசெம்பிளியில் 'அட்டென்ஷன்' சொல்லலாம். பெயர் எழுதுகிறவளுக்குக் காவல் காக்கத் தெரியும். கூட்டிக்கொண்டு போகத் தெரியாது. அவள் எதையும் தானாக முடிவெடுத்ததில்லை, தன் முடிவுக்குப் பொறுப்பேற்றதும் இல்லை.

சாரணியர் இயக்கத்தின் முறை இதற்கு நேர் எதிரானது. ஆறிலிருந்து எட்டுப் பேர் ஓர் அணி. அணிக்கு ஒரு தலைவி. கேம்ப் போனால் கூடாரம், விறகு, அரிசி, தண்ணீர் எல்லாம் அணியின் கணக்கு. அணித் தலைவிகள் கூடிப் பேசித்தான் அடுத்து என்ன என்பது முடிவாகும். கேப்டனாக இருக்கும் ஆசிரியை உடன் இருப்பார். முடிந்தவரை வாய் திறக்க மாட்டார். என் அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கும்போது அப்படி ஒரு கேம்புக்குப் போனாள். எட்டுப் பேருக்கு அரிசி அளந்தது அவள்தான். வீட்டில் நான்கு பேருக்குப் போடும் அளவையே போட்டுவிட்டாள். இரவு எல்லாரும் அரை வயிறு. ஆசிரியை முன்பே பார்த்திருக்கிறார், திருத்தவில்லை. மறுநாள் காலையில் இவள் ஒவ்வொருத்தியிடமும் போய், "உனக்கு எத்தனை கரண்டி வேணும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டாளாம். அந்தக் கேம்பில் அவள் கட்டிய முடிச்சுகளும் பாடிய பாட்டுகளும் மறந்துபோயின. கேட்டு எழுதிக்கொள்ளும் பழக்கம் இன்றைக்கும், அலுவலகத்தில் இருபது பேரை வைத்து வேலை வாங்கும்போதும், அவளிடம் இருக்கிறது.

இந்த இயக்கம் பெண்களுக்கு யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது அல்ல. 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பேடன் பவல் நடத்திய சாரணர் பேரணிக்கு, அழைப்பே இல்லாமல், தாங்களாகவே சீருடை மாட்டிக்கொண்டு சிறுமிகள் வந்து நின்றார்கள். நாங்களும் சாரணர்கள்தான் என்றார்கள். அடுத்த ஆண்டே அவருடைய தங்கை ஆக்னஸ் தலைமையில் பெண்களுக்கான அமைப்பு உருவானது. 1911-ல் ஜபல்பூர் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. நம் அடையாறுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள அன்றைய சாரணர் அமைப்பு தயங்கியபோது, அடையாறில் இருந்த அன்னி பெசன்ட் சென்னையிலேயே இந்தியச் சிறுவர்களுக்கு எனத் தனி அமைப்பைத் தொடங்கினார். 1917-ல் அதே அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்து வட்டத்திலிருந்து வந்த முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னை சட்டசபைக்குள் நுழைந்தார். சின்ன அறையில் கூடிப் பேசிய பெண்கள்தான் பிறகு பெரிய அவையில் பேசினார்கள். 1950-ல் பாரத சாரண சாரணியர் அமைப்பு உருவாகி, அடுத்த ஆண்டு பெண்களின் அமைப்பும் அதில் சேர்ந்து, இன்று நம் அரசுப் பள்ளிகள் வரை அது இருக்கிறது. பல பள்ளிகளில் ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்கு மட்டும் சீருடை வெளியே வருகிறது என்பதுதான் என் வருத்தம். வாராந்திரக் கூட்டம் இல்லாத சாரணியர் குழுவுக்குக் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிவிட்டு ஒரு பயனும் இல்லை.

இதே தென்சென்னைப் புறநகரில், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போவோம். நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அந்த முகவரியை எழுதினால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் வேறு முகவரி கொடுத்த காலம் உண்டு. அங்கே கபடிப் பயிற்சி எடுத்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைக் கேப்டனாக இறங்கித் தங்கம் வென்று வந்தார். தமிழ்நாடே அவரைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றுதான் அழைத்தது. ஒளித்து வைத்த முகவரி பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவருக்குக் கிடைத்த பரிசுத் தொகையைப் பற்றி நிறையப் பேசினோம். அவரோடு தினமும் மண்ணில் புரண்ட மற்றப் பெண்களைப் பற்றிக் குறைவாகத்தான் பேசினோம். கபடியில் ரெய்டு போகிறவள் தனியாகப் போகிறாள். ஆனால் எதிரணிக்காரி உள்ளே வரும்போது கை கோத்துச் சங்கிலியாக நிற்க வேண்டும். எப்போது பாய்வது, எப்போது பின்வாங்குவது என்பதை ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் அந்த நொடியில் நம்ப வேண்டும். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் இப்படிப் பழகும் பெண்ணுக்கு இரண்டு நாள் ஆளுமை வளர்ச்சிப் பட்டறை எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருத்தரங்குகளில் எனக்கு நம்பிக்கை குறைந்து வெகு நாளாயிற்று. வாரம் தவறாமல் கூடுகிற குழு ஒன்று, ஆண்டுக்கொரு முறை சான்றிதழ் கொடுக்கும் பத்து விழாக்களுக்குச் சமம்.

அப்படியானால் பெண் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று கேட்கிறோம். ஆறாவது, ஏழாவது வரை வருகிறார்கள். வயசுக்கு வந்த பிறகு ஒவ்வொருத்தியாக நின்றுவிடுகிறார்கள். மைதானத்தில் கழிப்பறை இல்லை. திரும்பி வரும் வழியில் விளக்கு இல்லை. பத்தாவது வந்துவிட்டது. தம்பியை டியூஷனில் விட்டுக் கூட்டிவர வேண்டும். 2024-ல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இந்தக் கணக்கு ஆறு வயதிலிருந்தே தொடங்குகிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஒரு பெண்ணுக்கு வேண்டுமென்றால், அந்த ஒன்றரை மணி நேரத்தை வீட்டில் வேறு யாராவது எடுத்துச் சுமக்க வேண்டும். அண்ணன் பாத்திரம் தேய்க்க வேண்டும். அப்பா காய் நறுக்க வேண்டும். மகளின் தலைமைப் பண்பு அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வருகிற பிள்ளைகளுக்கு நாம் என்ன வேலை கொடுக்கிறோம்? எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழாவில் நானும் மேடையில் இருந்தேன். பெண் பிள்ளைகள் விடியற்காலையே வந்து கோலம் போட்டார்கள். சந்தனம், கற்கண்டுத் தட்டோடு வாசலில் நின்றார்கள். வரவேற்பு நடனம் ஆடினார்கள். வரவு செலவு வாசித்ததும், தீர்மானம் முன்மொழிந்ததும், நன்றியுரை சொன்னதும் பையன்கள். அதில் ஒருவன் இந்தப் பெண்களைவிட இரண்டு வயது சின்னவன். அன்று எனக்கு உறைக்கவில்லை. கூட்டம் முடிந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், "அடுத்த வருஷம் கணக்கு நான் வாசிக்கலாமா?" என்று செயலாளரிடம் கேட்டதும், அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டதும்தான் உறைத்தது. நானும் வாய் திறக்கவில்லை. கணக்கு நோட்டை யாரிடம் கொடுக்கிறோமோ அவரைத்தான் நம்புகிறோம். மார்கழியில் திருப்பாவை பாடும் குழுவானாலும் சர்ச்சின் இளைஞர் குழுவானாலும் மசூதித் தெருவின் மதரஸா வகுப்பானாலும் இது பொருந்தும். பெண்கள் ஏற்கெனவே கூடுகிற இடங்கள் இவை. புதிதாக எதையும் கட்ட வேண்டாம். வசூல் நோட்டையும் பொருளாளர் பொறுப்பையும் அவர்கள் கையில் கொடுத்தால் போதும்.

வழி காட்ட முன்மாதிரிகள் இருக்கின்றன. தமிழகத்தின் தென்கோடியில் வேர்விட்ட குழந்தைகள் நாடாளுமன்ற இயக்கத்தில் சுமார் முப்பது வீடுகள் சேர்ந்து ஒரு வட்டம். அந்த வீட்டுப் பிள்ளைகளே பிரதமர், சுகாதார அமைச்சர், கல்வி அமைச்சர். குழாய் ஒழுகினாலும் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றாலும் அதற்கென்று ஓர் அமைச்சர் இருக்கிறார். பார்வையற்ற சென்னை மாணவி ஒருவர் இந்த அமைப்பின் மாநிலப் பிரதமராக இருந்து ஐ.நா. வரை சென்று பேசினார். பக்கத்துக் கேரளத்தில் 2020 டிசம்பரில் 21 வயதில் திருவனந்தபுரம் மேயரான ஆர்யா ராஜேந்திரன், 'பாலசங்கம்' என்ற குழந்தைகள் அமைப்பில் வளர்ந்து அதன் மாநிலத் தலைவராக இருந்தவர். அந்த அமைப்பின் கட்சி சார்பு நமக்கு உடன்பாடாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் 21 வயதில் ஒரு மாநகரத்தை ஏற்க முன்வந்த துணிவு, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கூட்டங்களில் பயின்றது.

நம் பகுதியில் ஆள் பலத்துக்கும் குறைவில்லை. 1937 முதல் தாம்பரத்தில் இருக்கிறது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. குரோம்பேட்டையில் 1968 முதல் எஸ்.டி.என்.பி. வைஷ்ணவ மகளிர் கல்லூரி. இவை தவிரப் பொறியியல் கல்லூரிகள் எத்தனையோ. நாட்டு நலப்பணித் திட்ட மாணவி ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதில் பாதியை ஒரு தெருவின் பெண் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், வாரம் ஒரு கூட்டம் என்று ஒரு கல்வியாண்டு முழுவதும் ஒரு குழு நடக்கும். மொட்டை மாடியில் கூடுவதாக நான் கேள்விப்பட்ட அந்தக் குழுவுக்கு ஆன செலவு ஒரு நோட்டும் ஒரு டார்ச்சும்தான். பள்ளிகள் மாலையிலும் சனிக்கிழமையிலும் ஒரு வகுப்பறையைத் திறந்து விடலாம். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவராக ஒரு மாணவரின் தாய் இருக்கிறார்; அவர் நினைத்தால் சாவி கிடைக்கும். மாநகராட்சி, வார்டுக்கு ஒரு சமுதாயக் கூடத்தை வாரத்தில் ஒரு மாலை பெண் பிள்ளைகளின் குழுக்களுக்கு வாடகை இல்லாமல் ஒதுக்கலாம். உள்ளே தண்ணீர் வரும் கழிப்பறையும் வெளியே எரியும் விளக்கும் இருக்க வேண்டும். பாதுகாப்பில் சமரசம் கூடாது. எந்தக் குழுவிலும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

பிள்ளைகள் கையில் கொடுக்க நம் ஊரில் வேலையா இல்லை? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை என்பது தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அலுவலகப் பட்டியலிலும் இருந்ததில்லை. அந்தப் பட்டியலை ஆண்டுதோறும் செப்டம்பரில் பெண் பிள்ளைகளின் குழுக்கள் எழுதிக் கவுன்சிலரிடம் கொடுக்கட்டும். 2019-ல் சிட்லபாக்கம் ஏரிக்குள் குடியிருப்பு மக்கள் தாங்களே இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதன் பிறகுதான் அரசு நிதி ஒதுக்கிச் சீரமைத்தது. செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் என்று இன்னும் எத்தனை ஏரிகள். எந்த வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று நடந்து பார்த்து எழுத ஒரு அணிக்கு இரண்டு சனிக்கிழமை போதும்.

எழுதியதைக் கொண்டுபோய்ச் சொல்ல இடமும் உண்டு. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று, பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். அது நம் மாநகராட்சியின் 6-வது வார்டு. கிராம சபை போல நகரத்துத் தெருக்காரர்களும் கவுன்சிலர் முன் உட்கார்ந்து கேள்வி கேட்க வந்த ஏற்பாடு அது. வாக்காளர்களுக்கான சபை என்பதால் பதினெட்டு நிரம்பாதவர்கள் அதில் உறுப்பினராக முடியாது. ஆனால் அவர்கள் எழுதி வந்ததை அவர்கள் வாயாலேயே கேட்கக் கவுன்சிலருக்கும் கூட்டத்தாருக்கும் மனசு இருந்தால் போதும். கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தை அவர்களுக்குக் கொடுக்கலாம். 70 வார்டு உறுப்பினர்களிடமும், எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், நாம் கேட்பது இந்தப் பத்து நிமிடம்தான்.

சிட்லபாக்கத்துப் பிள்ளைகள் மனுவில் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வகுப்பு எழுதியிருந்தது. 9 விளக்கில் 6 மூன்று வாரத்தில் எரிந்தன. மீதி மூன்றுக்காக இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். உங்கள் வார்டில் அடுத்த பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது வீட்டுப் பெண் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். அவள் எழுதிய தாளை அவளே வாசிக்கட்டும்.